ஈரச் சுவரில் குடியிருந்தவர்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் போது, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தரையில் தேங்கிய நீரை இறைத்துவிடலாம். சுவர் குடித்த நீர் என்ன ஆகும்? குழாய் கசிந்து சுவர் ஓதமெடுத்த ஓசூர் வாசகருக்கும் இதே கேள்விதான். இக்கேள்விக்கு ஒரு காலத்தில் மனிதர்களையே விடையாகப் பயன்படுத்தினார்கள் என்றால் நம்புவீர்களா?

1870-களுக்குப் பின் பெர்லினில் ஆலைகள் பெருகின; தொழிலாளர் குவிந்தனர்; சுண்ணாம்புக் காரையாலான அடுக்கு வீடுகள் அவசரமாக எழுந்தன. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது நீரை வெளியிடுகிறது. 74 கிலோ சுண்ணாம்பு இறுகினால் 18 லிட்டர் நீர்! குழைக்க ஊற்றிய நீர் வேறு. ஆகவே, புது வீட்டில் முதலில் ஏழைக் குடும்பங்களைச் சொற்ப வாடகைக்கு அமர்த்தினர். அவர்களுடைய அடுப்பின் சூடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் சுவரை இறுக்கி உலர்த்தும். சில மாதங்களில் சுவர் உலர்ந்துவிடும். அவர்கள் அடுத்த ஈர வீட்டைத் தேடிப் போக வேண்டியதுதான். 'ட்ராக்கன்வோனர்', அதாவது உலர்த்தக் குடியிருப்போர், என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். சுவர் உலர்ந்தது, குடியிருந்தோருக்கு நெஞ்சு நோய் வந்தது.

அதே நூற்றாண்டில் மியூனிக் நகரில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர், செங்கல்லின் ஒரு பக்கத்தில் ஊதி மறுபக்கத்து மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். சுவரில் நுண்துளைகள் உண்டு. அவற்றில் நீர் நிறைந்தால் காற்றுக்கு வழியில்லை. அறையின் காற்றோட்டமே சுவர் வழியாகத்தான் என்று அவர் கருதியது பிற்காலத்தில் தவறெனத் தெரிந்தது. நுண்துளைகள் மட்டும் பொய்யல்ல.

நம் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு அத்துளைகளை அடைக்கவில்லை. 1824-இல் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், 1904-இல் சென்னையிலும் தயாராயிற்று. அடர்ந்த சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் வர்ணம் என்று வந்தபின், உள்ளே புகுந்த ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை.

நனைந்த சுவரில் முதலில் நீர் நுண்துளை வழியே மேற்பரப்புக்கு வந்து விரைவாக ஆவியாகும். மேற்பரப்பு காய்ந்ததும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகவே மெல்ல நகர வேண்டும். நாம் ஏமாறுவது இங்கேதான். தொட்டால் காய்ந்திருக்கும்; உள்ளே ஈரம் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் உத்தேசக் கணக்கு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகலாம்.

சிப்காட் வேலைக்கு வருவோருக்கு அறையை வாடகைக்கு விடும் அவசரத்தில் ஓதத்தின்மேல் வர்ணம் அடித்தால், அது கொப்புளித்து உரியும், உப்புப் பூக்கும், பூஞ்சை படரும். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்போருக்கு மூச்சிரைப்பு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் எச்சரித்தது.

வர்ணம் அடிக்குமுன், ஒரு முழச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நாற்புறமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள். வர்ணக்காரரைப் பிறகு அழைக்கலாம்.