இரண்டு எண்களில் ஒரு புதிர்

1979இல் அமெரிக்க இதழொன்றில் பிறந்த எண்புதிர், 1984இல் ஜப்பானின் நிக்கோலி வழியாகச் சுடோகு ஆயிற்று. ஒரே விடை அமையக் குறைந்தது 17 எண்கள் தரப்பட வேண்டும் என்று 2012இல் கேரி மக்வயர் குழுவினர் கணினியால் நிறுவினர்.

அவ்வெல்லை பழைய விதிகளுக்கே உரியது. 2020இல் மிட்செல் லீ அமைத்த ‘மிராக்கிள் சுடோகு’வில் தரப்பட்டவை 1, 2 என இரண்டே எண்கள். கூடுதல் விதிகள் மூன்று: சதுரங்க ராஜாவின் ஓரடித் தொலைவில் அதே எண் வரலாகாது; குதிரையின் பாய்ச்சலிலும் வரலாகாது; பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ ஒட்டிய கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் கூடா.

கேலியோ என்று முதலில் ஐயுற்ற சைமன் ஆன்டணி, காணொளியில் அரைமணிக்குள் விடுவித்தார். தடைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஓர் எண்ணுக்கு ஒரே கட்டம்தான் எஞ்சுகிறது. வெண்பா எழுதியவர் இதை அறிவார்: தளை இறுகும்போது சொல் தானே வந்தமரும்.