எம் போய் எஸ் வந்த கதை

ஜிடிபி-ன்னதும் பொருளாதாரம்னு ஓடிடாதீங்க. இது 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதின டீபக்கர். நாம எழுதின சி வரி எந்த மெஷின் கோடா மாறிச்சுன்னு காட்ட அதில் 'டிஸ்அசெம்பிள் /எம்'னு ஒரு கட்டளை. சோர்ஸ் வரிசையிலதான் காட்டும். ஆப்டிமைஸ் பண்ணின கோட்ல கம்பைலர் வரிசையை மாத்திடுமே, அப்போ குழப்பம்தான்.

2015-ல் 7.10 பதிப்போட '/எஸ்' வந்தது. இது மெஷின் கோட் இருக்கிற வரிசையிலேயே காட்டும். கையேட்டுல பழசை ஓசைப்படாம தூக்கிடல. ஒரே புரோகிராமுக்கு ரெண்டு அவுட்புட்டையும் போட்டு, எம்-ல சில இன்ஸ்ட்ரக்‌ஷன்களே காணோம்னு காட்டி, இனி எஸ்-ஐயே பயன்படுத்துங்கன்னு சொல்லியிருக்காங்க.

சோழவரத்துல கேட்க ஆளில்லாம டீபக் பண்ற எனக்கு அந்தக் கையேடுதாங்க வாத்தியார். தன் குறையைத் தானே சொல்ற வாத்தியாரை நம்பலாம்.