பேய்ப் படத்துக்குள் ஒரு தாயின் துயரம்



பேய்க் கதை என்றால் நம் வீடுகளில் பெரியவர், சிறியவர் என்ற பேதமில்லை. நடுங்கிக்கொண்டே, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்போம். அத்தகைய ரசிகர்கள் அவசியம் பார்க்க வேண்டிய சில பழைய மலாய்ப் படங்களின் வரலாற்றை இன்று காண்போம்.

மலாயா சுதந்திரம் பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1957 ஏப்ரலில், சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' என்ற படம் வெளிவந்தது. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. கதாநாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ்; சிங்கப்பூருக்கு வருமுன் தமிழ்ப் படங்களையும் இயக்கியவர். படம் ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓடியது.

கதை இதுதான். கூனும் அவலட்சணமுமான ஒரு பெண். பெயர் மட்டும் சோமெல், அதாவது அழகி! மருந்து ஒன்றைக் குடித்துப் பேரழகியாகிறாள். ஆனால் இரத்தத்தைச் சுவைக்கவே கூடாது என்பது நிபந்தனை. ஒருநாள் விஷம் தீண்டிய கணவனைக் காப்பாற்ற, கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சுகிறாள். அந்தக் கணமே பேயாகிவிடுகிறாள். கெட்ட எண்ணத்தால் அல்ல, கணவன் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அவள் பேயானாள்!

பொந்தியானாக் என்பது யார்? பிரசவத்தில் உயிர்விட்ட பெண்ணின் ஆவி என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. பிடரியில் ஆணி அடித்தால் அவள் மீண்டும் சாதாரணப் பெண்ணாகிவிடுவாளாம். மருத்துவமனையும் பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் எட்டாத காலத்தில் எத்தனை தாய்மார் இப்படி மாண்டிருப்பார்கள்! அந்தத் துயரமும் அச்சமுமே பேயாக உருவெடுத்தன.

தமிழகத்தில் நம் முன்னோரும் இதே துயரத்தை அறிந்தவர்கள். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறினால், அவள் ஆன்மாவும் சாந்தி அடையும் என்று நம்பினார்கள். ஓரிடத்தில் அந்தத் துயரம் பேயாயிற்று, மற்றோரிடத்தில் கல்லாயிற்று.

'பொந்தியானாக்', அதே ஆண்டில் வந்த 'டெண்டாம் பொந்தியானாக்' ஆகிய இரண்டின் பிரதிகளும் இன்று கிடைப்பதில்லை. 1958-இல் வந்த மூன்றாம் படமான 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியிருக்கிறது. அதை முதலில் பாருங்கள். அடுத்து, அதே 1958-இல் பி. ரம்லி இயக்கி நடித்த 'சும்பா ஓராங் மின்யாக்' படத்தைத் தேடுங்கள். ஊரார் கேலி செய்த ஒரு கூனன் எண்ணெய் மனிதனாக மாறும் கதை அது. அதே ஆண்டில், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணனும் 'ஓராங் மின்யாக்' என்றொரு படம் எடுத்தார்.

எஞ்சியுள்ள கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்களை, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேடு 2014-இல் சேர்த்துக்கொண்டது. பேய்ப் படம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

குடும்பத்தோடு சேர்ந்து பாருங்கள். குழந்தைகள் பயந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும், "இவர்கள் ஏன் பேயானார்கள்?" என்று கேளுங்கள். கூனலைக் கண்டு சிரித்த ஊரும், பிரசவத்தில் கைவிடப்பட்ட தாயும் அவர்கள் நினைவுக்கு வந்தால் போதும். பயம் விடிந்ததும் போய்விடும். இரக்கம் நெஞ்சில் நிற்கும்.