டோபியும் குண்டா கின்டேயும் ஒருவரா? குலவரலாற்று ஆய்வில் ஓர் இணைப்பின் சிக்கல்

அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'ரூட்ஸ்' தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் பரவலாகப் படிக்கப்பட்ட நூல். காம்பியாவின் ஜுஃபுரே ஊரில் பிடிபட்டு வர்ஜீனியாவில் அடிமையாக்கப்பட்ட குண்டா கின்டே முதல் ஹேலி வரையிலான கொடிவழியை அது சொல்கிறது. நூல் வெளிவந்து ஐந்தாண்டுகளுக்குள் அக்கொடிவழியின் முற்பகுதியை ஆவணச் சான்றுகள் தகர்த்துவிட்டன. ஆகவே வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதையே பொய் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அம்முடிவு அவசரமானது. கதையில் வரும் ஒருவரை ஏட்டில் வரும் இன்னொருவரோடு பொருத்திய இடத்தில்தான் ஆய்வு சறுக்கியது.

டென்னசி மாநிலத்து ஹென்னிங்கில் ஹேலியின் பாட்டி சிந்தியாவும் அவருடைய சகோதரிகளும் சொல்லிவந்த கதை இது. மூதாதையான ஆப்பிரிக்கர் தன்னைக் 'கின்டே' என்றார். கிட்டாரைக் 'கோ' என்றும் ஆற்றைக் 'காம்பி பொலோங்கோ' என்றும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எசமானர்கள் இட்ட 'டோபி' என்ற பெயரை ஏற்க மறுத்தார். நான்காம் முறை தப்பியோடிப் பிடிபட்டபோது அவர் பாதத்தை வெட்டினார்கள். மகள் கிஸ்ஸி வட கரோலினாவுக்கு விற்கப்பட்டாள். அவள் மகன் ஜார்ஜ் சண்டைச் சேவல் பழக்குவதில் பேர்பெற்றவர். ஜார்ஜின் மகன் டாம் கொல்லர்.

இவர்களில் டாமைப் பற்றி ஐயமே இல்லை. 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வட கரோலினாவின் அலமான்ஸ் மாவட்டத்தில், கொல்லர் டாம் மர்ரி, மனைவி ஐரீன், அவர்களுடைய பிள்ளைகள் என்று குடும்பமே வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. பாட்டியின் பெயர் அதில் இல்லை. அவர் அப்போது பிறக்கவில்லை. பாட்டி வாயால் கேட்ட பெயர்களை நுண்படச் சுருளில் கண்டபோது ஹேலி அடைந்த பரவசம் நியாயமானது. அந்த இடத்தில் வாய்மொழியும் ஏடும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போயின.

அதற்கு மேலே ஏறுவதுதான் கடினம். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர்தான் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டுமே. 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்களுக்குத் தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம் வரை குறித்த கப்பல் பட்டியல்கள் கிடைக்கின்றன. அமெரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் எசமானனின் உயிலிலும் பத்திரத்திலும் கடன் கணக்கிலும்தான் தம் முன்னோரைத் தேடியாக வேண்டும்.

ஹேலியும் அப்படித் தேடி ஒரு பத்திரத்தைக் கண்டெடுத்தார். 1768 செப்டம்பரில், வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா மாவட்டத்தில், ஜான் வாலர் 240 ஏக்கர் நிலத்தை வில்லியம் வாலருக்கு மாற்றிக்கொடுக்கிறார். உடைமைகளோடு உடைமையாக, டோபி என்ற கறுப்பின அடிமையும் அதில் கைமாறுகிறார். இப்பத்திரம் உறுதிசெய்வது ஒன்றே: 1768இல் டோபி அங்கே இருந்தார். எப்போது வந்தார், எங்கிருந்து வந்தார் என்பதற்கு அதில் விடை இல்லை. ஹேலியோ அதற்குச் சற்று முன் அனாபொலிஸ் துறைக்கு வந்த கப்பலைத் தேடினார். 1767 செப்டம்பர் 29இல் காம்பியாவிலிருந்து வந்த 'லார்டு லிகோனியர்' அகப்பட்டது. மன்னரின் படைகள் வந்த காலத்தில் குண்டா காணாமற்போனான் என்று ஜுஃபுரேயில் கேட்ட கதையும் அந்த ஆண்டோடு பொருந்துவதாகக் கொண்டார். பத்திரத்தை வைத்துக் கப்பல், கப்பலை வைத்துக் கதை, கதையை வைத்து மறுபடி பத்திரம்! மூன்றில் ஒன்றுகூடத் தனித்து நின்று சாட்சி சொல்லவில்லை.

ஜுஃபுரே சாட்சியமும் வலுவற்றது. கதை சொன்ன கெப்பா கஞ்சி ஃபோஃபானா, பரம்பரையாகக் குலக்கதை சொல்லும் கிரியோ அல்லர் என்பதைச் 'சண்டே டைம்ஸ்' இதழாளர் மார்க் ஒட்டவே 1977இல் வெளிக்கொணர்ந்தார். ஹேலி தேடிவந்தது இன்னதென்பது காம்பியாவில் முன்கூட்டியே பரவியிருந்தது. கேள்வி கேட்பவரின் கதை முன்பே காதில் விழுந்துவிட்டால் சாட்சி அதைத் திருப்பிச் சொல்லத்தான் செய்வார். வாய்மொழி ஆய்வில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. வரலாற்றாசிரியர் டொனால்ட் ரைட்டும் 1981இல் இந்தச் சாட்சியத்தைக் கடுமையாக மறுத்தார்.

அதே ஆண்டு வரலாற்றாசிரியர் கேரி மில்ஸும் குலவரலாற்று ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸும் வாலர் குடும்பத்து ஏடுகளை முழுமையாகப் புரட்டி எழுதிய கட்டுரைதான் தீர்ப்பு. வாலர்களின் டோபி, 'லார்டு லிகோனியர்' கரைசேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே வர்ஜீனிய ஆவணங்களில் இடம்பெறுகிறார். 1782ஆம் ஆண்டு வரிப் பட்டியலுக்கு முன்பே அவர் இறந்திருக்க வேண்டும். கிஸ்ஸி பிறந்ததாக ஹேலி சொல்லும் ஆண்டோ 1790. டோபி அவளுக்குத் தகப்பனாக இருந்திருக்க முடியாது.

இவ்வளவும் டோபி குண்டா அல்லர் என்பதை மெய்ப்பிக்கிறது. கிஸ்ஸிக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த தகப்பன் இல்லை என்பதை மெய்ப்பிக்கவில்லை. ஆப்பிரிக்க வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜான் வான்சினா 'காம்பி பொலோங்கோ'வைக் காம்பியா ஆறாக இனங்கண்டது, ஜுஃபுரேக் கதையை ஹேலி கேட்பதற்கு முன். ஆகவே ஃபோஃபானாவின் சாட்சியம் வீழ்ந்தபோது அந்தச் சொல் அதோடு வீழவில்லை. அது ஓர் ஆற்றங்கரையைக் காட்டுகிறது. குறிப்பிட்ட ஊரையோ ஆளையோ காட்டவில்லை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்ததே தவறு.

சேவல்காரர் ஜார்ஜின் கதைக்கும் இதே அளவுகோல்தான். பந்தயத்தில் தோற்ற எசமானன் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினான் என்ற கவர்ச்சியான செய்தியை முதலில் துரத்துவது வீண் வேலை. ஜார்ஜின் எசமானர்களாக நூல் சொல்லும், வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்து லீ குடும்பத்தாரின் உயில்கள், கடன் பத்திரங்கள், அடிமை விற்பனைப் பதிவுகள் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் ஜார்ஜ் என்ற பெயரோடு தாயின் பெயரும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே, டாமிலிருந்து மேலே அடுத்த படியை எடுத்துவைக்கலாம்.