குழந்தை நெஞ்சின் ஒலி

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798-1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தியதை நாம் அறிவோம். அக்காலக் கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயுற்ற கண்கள் அவற்றில் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்ததைத் தூரிகை பதிவுசெய்தது. விலா எலும்புக்குள் ஒலிப்பதைக் கேட்கத்தான் கருவி இல்லை.

அக்கருவி சரபோஜியின் காலத்திலேயே பாரிசில் பிறந்தது. 1816இல் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். பின்னர் மரக்குழல் செய்தார். 1819இல் நூல் எழுதினார். துடிப்புகளுக்கிடையே துருத்தி ஊதுவது போன்றதோர் இரைச்சலையும் அவர் கேட்டார். 'மர்மர்' என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

காவிரிக்கரை மக்களாகிய நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஆழ்ந்து ஓடும் ஆறு ஓசையின்றிப் போகும். குறுகிய மதகில் நுழையும் நீர் இரையும். இரத்தமும் சுழித்து விரையும்போது ஒலிக்கிறது. ஆனால், இரைகிறது என்பதற்காக மதகு பழுதென்று எந்த உழவரும் சொல்வதில்லை.

1909இல் இலண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இதையே நெஞ்சொலிக்குக் கூறினார். நலமான குழந்தைகளிடம் இசைத்தன்மையுள்ள ஓர் ஒலி கேட்கிறது என்றும், அது இழுத்துக் கட்டிய தந்தியைச் சுண்டினாற்போல் இருக்கிறது என்றும் எழுதினார். பலா மரத்தில் வீணை கடையும் தஞ்சைக்கு இவ்வுவமை அந்நியமன்று. குழந்தைகளிடம் கேட்கும் மர்மர்களில் பெரும்பாலானவை இவ்வாறு தீங்கற்றவையே. காய்ச்சலில் உரத்துக் கேட்கும். வளர வளரப் பெரும்பாலும் மறையும்.

எல்லா ஒலியும் அப்படியன்று. பிறவியிலேயே இதயச் சுவரில் துளை இருக்கலாம். தொண்டைப் புண்ணைக் கவனியாது விட்டால் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வுகளைக் கெடுக்கலாம். இந்நோயை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் பர்மாவில் பிறந்து 1953 முதல் தில்லியில் பணியாற்றிய மருத்துவர் எஸ். பத்மாவதி. அமெரிக்காவில் அவருக்குக் கற்பித்த ஹெலன் டாசிக் செவித்திறன் குன்றியவர். குழந்தைகளின் நெஞ்சொலியை விரல்களால் தொட்டுணர்ந்தவர்.

ஆகவே பிழைக்கு இரு வழிகள் உண்டு. தீங்கற்ற ஒலியை 'இருதயத்தில் ஓட்டை' என்று ஊரார் பேசிவிட்டால், ஓடியாட வேண்டிய பிள்ளை திண்ணையில் உட்கார்த்தி வைக்கப்படும். பெண்ணாயின் திருமணப் பேச்சு வரை அச்சொல் துரத்தும். மெய்யான நோயைத் 'தானே சரியாகும்' என்று விட்டாலோ உயிருக்கே கேடு. பால் குடிக்கையில் வியர்ப்பது, மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, எடை ஏறாதிருப்பது ஆகியவை எச்சரிக்கைகள்.

1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்சும் மீயொலியால் இதய அசைவைப் பதிவுசெய்தனர். அன்று தொடங்கியதே இன்றைய எக்கோ பரிசோதனை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. சரபோஜியின் ஓவியர் கண்ணைத் தீட்டினார். நாம் இதயத்தையே திரையில் காண்கிறோம். ஐயம் எழுந்தால் அதைக் கண்டு தெளிவதே முறை. ஊர்ப்பேச்சு தீர்ப்பெழுத வேண்டியதில்லை.