இமில் எருது எதிர்ப்பட்டபோது

விரிச்சி கேட்பது பழந்தமிழர் வழக்கம். போருக்குப் போனவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லையும் தூவி வணங்கி, யார் வாயிலிருந்தோ தற்செயலாக விழும் சொல்லுக்குக் காத்து நிற்பார்கள். முல்லைப்பாட்டில் அவர்கள் காதில் விழுவது, தவிக்கும் கன்றிடம் தாய் இப்போதே வந்துவிடும் என்று ஓர் ஆயர்மகள் சொல்லும் ஆறுதல். அதையே நற்சொல்லாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகிறார்கள். தொல்காப்பியமும் வெட்சித் திணையில் விரிச்சியைச் சொல்கிறது. இங்கே குறியைத் தேடிப் போகிறவர்களுக்கே அதன் பொருளும் தெரியும். சிலப்பதிகாரத்தில் குறி தானாக வருகிறது. பொருள் தெரிந்தவர் அருகில் இல்லை, அல்லது காலம் கடந்துவிட்டது. பின்வருவதை முன்னுணர்த்துவதில் இளங்கோவடிகள் செய்த பெரும் மாற்றம் இதுதான்.

கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கனவைச் சொல்கிறாள்: கணவன் கைப்பிடித்து ஒரு பெரிய ஊருக்குள் போனது, ஊரார் பழி சுமத்தியது, கோவலனுக்குத் தீங்கு, அரசன் முன் தன் வழக்கு, அரசனுக்கும் ஊருக்கும் வந்த கேடு. முடிவு முழுக்க வெளிப்பட்டுவிட்டது. ஆனால் ஊருக்குப் பெயர் இல்லை, சிலம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே காதையில் வறுமைக்கு நாணி வீடு திரும்பும் கோவலனிடம், சிலம்பு இருக்கிறது, கொள்ளுங்கள் என்கிறாள். கனவு சொல்லாமல் விட்ட ஒரே பொருளை அவள் கையே எடுத்து நீட்டுகிறது. தெரிந்த முடிவை நோக்கிப் போகும் கதையில் இவ்வளவு பதைப்பு எழுவது, கவிஞர் எதைச் சொல்லி எதை மறைத்தார் என்ற கணக்கால்தான்.

கனவும் நிமித்தமும் அந்தக் கால நம்பிக்கை, அதில் கலைத்திறன் எங்கே என்று கேட்கலாம். நம்பிக்கை பொதுச்சொத்துதான். ஆனால் கொலைக்களக் காதையைப் பாருங்கள். தங்கியிருந்த ஆயர்பாடியிலிருந்து சிலம்பு விற்கப் புறப்படும் கோவலனுக்கு எதிரே இமில் எருது ஒன்று வருகிறது. அது தீநிமித்தம் என்று அவன் அறியவில்லை. அவன் குலத்துக்கு அந்த அறிவு இல்லை என்று கவிஞரே காரணம் சொல்கிறார். புகாரின் பெருவணிகன் மகனுக்கு ஆயர்பாடியின் குறி எப்படி விளங்கும்? வெறும் நம்பிக்கையைப் பதிவு செய்பவர் எருதோடு நிறுத்தியிருப்பார். இவர் அறியாமைக்கும் காரணம் தேடியிருக்கிறார். ஊர்விட்டு ஊர் வந்தவனின் கதியே அந்தக் காரணத்தில் இருக்கிறது.

நூலின் முகப்பிலுள்ள பதிகமே கதையைச் சொல்லிவிடுகிறதே என்பது இன்னொரு தடை. பதிகம் பிற்காலத்தது என்று கருதுவோர் உண்டு. அதை நீக்கினாலும் கண்ணகியின் கனவு நிற்கிறது. என்ன நடக்கும் என்ற கேள்வி முன்பே தீர்ந்துவிடுவதால், இது ஏன் தடுக்கப்படவில்லை என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி செங்கோலும் வெண்குடையும் வீழக் கண்ட கனவை அரசனிடம் போய்ச் சொல்கிறாள். அதற்குள் கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலுக்கு வந்துவிட்டாள்.