சிவப்பு எண்ணெய்க்குள் ஒரு சரித்திரம்

நம்ம மங்கலம்பேட்டை மாதிரி ஊர்களுக்கும் செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார்கள் வந்துவிட்டன. கியர்பாக்ஸில் ஆயில் குறைந்தால், "சிவப்பா இருக்கிற ஆயில் எதுவானாலும் ஊத்துங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ஏன் தப்பு என்பதற்கு 80 வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபைல் காருக்காக 'ஹைட்ரமேட்டிக்' கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது. அதன் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே பிடிக்கணும். ரொம்ப வழுக்கினால் தட்டு கருகும். சட்டென்று பிடித்தால் வண்டி உதறும். இதற்கென 1949-ல் 'டைப் ஏ' என்ற தர நிர்ணயம் வந்தது. உராய்வைச் சரிக்கட்ட அதில் சேர்த்தது என்ன தெரியுமா? திமிங்கில எண்ணெய்!

1970-ல் அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் இனமாக அமெரிக்கா அறிவித்தது. மாற்று தேடி, 'டெக்ஸ்ரான் 2' வந்தது. முதலில் வந்த கலவை, ஆயில் கூலரின் இணைப்புகளை அரித்துவிட்டது, மறுபடி திருத்தினார்கள். ஒரு சேர்மானத்தை மாற்றினால், பாதிப்பு வேறொரு இடத்தில் தலைகாட்டும்.

கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அது டிரான்ஸ்ஆக்சில். 1965-ல் வந்த ஆட்டோமேட்டிக் மினி காரில் என்ஜினுக்கும் சேர்த்து ஒரே ஆயில்தான்! 1989 மாடல் கார்களில் கிரைஸ்லர் கொடுத்த டிரான்ஸ்ஆக்சிலில், அதற்குரிய ஆயிலுக்குப் பதில் டெக்ஸ்ரானை ஊற்றினால் லாக்-அப் கிளட்ச் நடுங்கும். நிறம் ஒன்றுதான், குணம் வேறு.

நம் மாநிலத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ10-ன் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 'எஸ்பி-3' தர ஆயில். அந்தத் தரம் மிட்சுபிஷி வழி வந்தது. ஆகவே டப்பாவின் நிறத்தையோ விலையையோ பார்க்காதீர்கள். வண்டியின் புத்தகம் சொல்லும் தர எண்ணைப் பாருங்கள்.

இனி ஒழுகல். வருஷக்கணக்கான சூட்டில் ரப்பர் சீல் விறைத்துப்போகும். முதலில் டிரைவ் ஷாஃப்ட் சீல், அடுத்து அடித்தட்டு கேஸ்கட், பிறகு கூலர் ஹோஸ் என்று வரிசையாய்ப் பாருங்கள். காற்றுப்போக்கித் துளை அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் கசியும். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், புதுச் சீலும் சீக்கிரம் போய்விடும். ஒழுகலை நிறுத்தும் மருந்துகள் ரப்பரை உப்பவைக்கும். கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், புத்தகம் சொன்ன சூட்டில், சொன்ன முறையில் அளவு பாருங்கள். கருகிய வாடை அடித்தால் ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, கிளட்சையும் சோதிக்கணும்.

தம்பிகளே, பட்டறை வகுப்பில் எண்ணெயை "உயவுப் பொருள்" என்று மட்டும் எழுதி மார்க் வாங்கிவிடாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பல்சக்கரத்தைப் போல அதுவும் ஒரு பாகம். ஒரு லிட்டர் ஆயிலில் மிச்சம் பிடிக்கப் பார்த்து, கியர்பாக்ஸையே இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.